வசனம்: இரு தரப்பு வக்கீல்கள்

நல்லகாமன் சென்னையில் நான்கு இயக்குநர்களிடம் உதவியாளனாக இருந்து, மூன்று பேரிடம் சண்டை போட்டுக்கொண்டு உசிலம்பட்டிக்குத் திரும்பியவன். நான்காமவர் சண்டை வருவதற்கு முன்பே படம் எடுப்பதை விட்டுவிட்டார். அவன் கையில் ஒரு கதை இருந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், குட்டியானை என்று ஊரில் சொல்லும் சின்ன லோடு வண்டியை ஓட்டி, பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் பிழைக்கிறாள். கடைசியில் அந்தப் புருஷன் திரும்பி வருகிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். 'பரவைக்குப் போற வண்டி' என்று பெயர் வைத்திருந்தான்.

இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய ஒரே தயாரிப்பாளர் சீதாராமன். செல்லூரில் விசைத்தறி வைத்துச் சேலை நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சினிமா மேல் ஒரு கண். மனைவி லலிதாம்பாள் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"படம் எடுக்கறதுன்னா எடுங்க. நடிக்க மட்டும் செய்யாதீங்க."

ஒப்பந்தம் போட வக்கீலைத் தேடுவானேன் என்று சீதாராமன், தறிக்கூடத்தை வாடகைக்கு விட்டபோது எழுதிய பத்திரத்தையே எடுத்தார். கம்ப்யூட்டரில் 'கட்டடம்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'படம்' என்று மாற்றச் சொன்னார். படத்தில் ஆணி அடிக்கக் கூடாது, படத்தை உள்வாடகைக்கு விடக் கூடாது, காலம் முடியும்போது படத்தை வெள்ளையடித்துக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஐந்தாவது ஷரத்து, படத்தின் அமைப்பில் இரு தரப்பாரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்றது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தியதால் நல்லகாமன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

படப்பிடிப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் பரவை மார்க்கெட்டில் எடுத்துக்கொண்டிருந்தபோது சீதாராமன் கையில் ஒரு பையோடு வந்தார். உள்ளே தன் தறியில் நெய்த சேலைகள்.

"தம்பி, கதாநாயகிய இத உடுத்தச் சொல்லுங்க. அந்தப் பழைய சேலை பாக்க நல்லாவே இல்ல."

"அவ தக்காளிக் கூடை தூக்கறவண்ணே. ஜரிகை போட்டு எப்படித் தூக்குவா?"

"ஏன், ஜரிகை போட்டவங்க தக்காளி திங்கறதில்லையா?"

"இது படம்ணே. ஜவுளிக்கடை விளம்பரம் இல்ல."

மார்க்கெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தும்விட்டார்கள். சீதாராமன் பையைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறினார். இனி நல்லகாமன் தன்னிடம் பேசுவதாக இருந்தால் வக்கீல் மூலமாகப் பேசட்டும் என்று செல்லூர் போய்ச் சேருவதற்குள் போனில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். நல்லகாமனும் சளைத்தவன் இல்லை. அன்றைக்கே ஒரு வக்கீலைத் தேடிப் போனான்.

அந்த வக்கீல்தான் ஜெஸி. அப்பா யேசுதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெஸி குடும்ப நீதிமன்றத்தில்தான் அதிகம் நடமாடுவாள். புருஷனிடம் நேரில் சொல்ல முடியாததைப் பெண்கள் அவளிடம் வந்து சொல்வார்கள். அவள் அதை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு நோட்டீஸாக அனுப்புவாள். சினிமா வழக்கு எதுவும் அவள் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நல்லகாமனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளையடிச்சுக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டிருக்கீங்க. எதுக்குங்க வெள்ளை?"

"எனக்குத் தெரியாது மேடம். நான் பாக்கல."

சீதாராமன் தரப்பில் முத்துக்கருப்பன் வந்தார். சிவில் வழக்குகளில் தலை நரைத்தவர். எந்தக் கேள்வி கேட்டாலும், "ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல" என்று ஆரம்பிப்பார். வீட்டில் சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டாலும் அதுதான் பதில் என்று கோர்ட்டில் பேசிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு படம் நோட்டீஸில் நடந்தது. முப்பத்திரண்டாவது காட்சியில் கதாநாயகி டீ குடிக்க வேண்டும் என்று நல்லகாமன் தரப்பு எழுதியது. குடும்பப் பெண் ரோட்டுக் கடையில் டீ குடிப்பது கதையின் அமைப்பில் செய்யப்படும் மாற்றம் என்றும், தமது உரிமைகளுக்குப் பாதகமின்றி அவர் காபி குடிக்கலாம் என்றும் சீதாராமன் தரப்பு பதில் எழுதியது. தபால் போய் வருவதற்குள் தக்காளி அழுகியது. காட்சிக்காக அடுக்கிய கூடைகளை மறுபடி வாங்கி அடுக்கினார்கள். கேமராமேன் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போய்விட்டு வந்தார்.

இப்படியே போனால் படம் முடியாது என்று இரண்டு வக்கீல்களும் படப்பிடிப்புக்கே வந்துவிட்டார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே, மழை பார்த்து விதைக்கிற வெட்ட வெளியில் இரண்டு குடைகள் நட்டார்கள். ஒரு குடைக்குக் கீழே ஜெஸி, இன்னொன்றுக்குக் கீழே முத்துக்கருப்பன். நல்லகாமன் மானிட்டருக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு இருப்பான். சீதாராமன் கார் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பார். கூப்பிடு தூரத்தில்தான் இருவரும் இருந்தார்கள். ஆனாலும் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதுக்கு இரண்டு குடைகளைக் கடந்துதான் போக வேண்டும்.

"எனது கட்சிக்காரர், ஆடு குறுக்க வர்ற ஷாட் வேணும்ங்கறார்."

"எனது கட்சிக்காரர் ஆட்டை ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. ஆனா ஒரு ஆடு போதும்ங்கறார்."

வெள்ளையடிப்பது என்றால் படத்துக்குக் கலர் சரிசெய்து கொடுப்பது என்று பொருள் கொள்ளலாம் என இருவரும் ஒரு மதியச் சாப்பாட்டின்போது முடிவு செய்தார்கள். ஆணி பற்றிய ஷரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சினிமா வேலை ஜெஸிக்குப் பிடித்துப்போனதை அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். கோர்ட்டில் வாய்தா வாங்கினால் ஒரு நாள் மிச்சம் என்று நினைப்பவள், இங்கே ஒரு காட்சி தள்ளிப்போனால் வருத்தப்பட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. புருஷன் வண்டி முன்னால் வந்து நிற்கிறான். நல்லகாமன் தரப்பு, அவள் பேசாமல் கதவைச் சாத்த வேண்டும் என்றது. சீதாராமன் தரப்பு, அவள் அழுது, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனை ஏற்க வேண்டும் என்றது. மதியம் வரை குடைகளுக்கிடையில் நோட்டீஸ் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

முத்துக்கருப்பன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜெஸியின் குடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா ஜெஸி, பேசாம போகவும் வேணாம், அழவும் வேணாம். ரெண்டு தரப்புக்கும் பொதுவா எதையாச்சும் பேசிட்டுப் போகட்டும்."

"என்ன சார் பேசுவா?"

"உங்கிட்ட வர்ற பொம்பளைக என்ன பேசுவாக?"

ஜெஸி லேப்டாப்பைத் திறந்தாள். எந்த வகையில் எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. கை பழகின வழியில் போனது. முத்துக்கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இடத்தில் குறுக்கே பேசினார். அவள் அதையும் சேர்த்தாள். அவள் காரில் இருந்த சின்ன பிரிண்டரில் எடுத்து, இரு கட்சிக்காரர்களின் பரிசீலனைக்கு என்று உதவி இயக்குநர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் பரிசீலனை என்ற வார்த்தையைக் கவனிக்காமல் நேராகக் கொண்டுபோய்க் கதாநாயகி பாண்டிச்செல்வியிடம் நீட்டிவிட்டார்.

பாண்டிச்செல்விக்கு இது முதல் படம். கொடுத்ததைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியும். வண்டிக்குள் உட்கார்ந்து, பேப்பரை ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கேமரா ஓடியது. எதிரே நின்ற புருஷனைப் பார்த்து, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உனக்கு நான் அனுப்புற அறிவிப்பு என்னான்னா. ஒண்ணு. நீ போன அன்னைக்கு அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அத நாந்தான் எறக்குனேன். ரெண்டு. அதுக்கப்புறம் ஏத்துன மூட்டை, எறக்குன மூட்டை அம்புட்டும் நாந்தான். மூணு. நீ திரும்பி வந்தத நான் ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. நாலு. இந்த அறிவிப்பு கெடச்ச பதினஞ்சு நாளைக்குள்ள சரியான ஒரு காரணத்த யோசிச்சு வையி. இப்ப தள்ளி நில்லு, மார்க்கெட்டுக்கு நேரமாச்சு."

லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடி நின்றார். பாண்டிச்செல்வி பேப்பரில் இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள்.

"இப்படிக்கு, ஜெஸி, வழக்குரைஞர்."

"கட்!" என்று கத்தினான் நல்லகாமன். யூனிட் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இது வேண்டாம் என்று அவன் நோட்டீஸ் கொடுத்தான். இது வேண்டவே வேண்டாம் என்று சீதாராமனும் கொடுத்தார். படம் ஆரம்பித்த பிறகு இரு தரப்பும் ஒத்துப்போனது அப்போதுதான். ஆனால் அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டியோ வாடகைக்கு எடுத்தது. அதன் சொந்தக்காரர் அதில் கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு அந்தக் காட்சியையே வைத்தார்கள்.

படம் வெளியானது. முதல் பாதியில் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் இரண்டாம் பாதியில் உட்கார்ந்தார்கள். கடைசிக் காட்சியில் தியேட்டர் எழுந்து நின்றது. உசிலம்பட்டியில் அப்பாவோடு போய்ப் பார்த்த ஜெஸி, பெண்கள் கூட்டமாக "ஒண்ணு! ரெண்டு!" என்று பாண்டிச்செல்வியோடு சேர்ந்து சொன்னதைக் கேட்டு, இருட்டில் தன் துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று யேசுதாஸுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பேட்டிகள் வர ஆரம்பித்தன. நல்லகாமன் ஒரு சேனலில், அந்த வசனம் தன் அப்பத்தா பேசின பேச்சு என்றும், சிறு வயதிலேயே நெஞ்சில் பதிந்துவிட்டது என்றும் சொன்னான். சீதாராமன் இன்னொரு சேனலில், அது தன் மனைவியைப் பார்த்துத் தாமே சொல்லி எழுத வைத்தது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லலிதாம்பாள் மைக்கை மறந்து கேட்டார்.

"நான் எப்பங்க நம்பர் போட்டுப் பேசுனேன்?"

ஜெஸி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். கட்சிக்காரருக்காக எழுதியது கட்சிக்காரருக்கே என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு கொஞ்ச நாள் தாங்கியது.

பரவை மார்க்கெட்டில் கீரை விற்கும் மலையம்மாள் என்ற பெண் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தாள். புருஷனுக்கு நோட்டீஸ் விட வேண்டும்.

"வக்கீலம்மா, அந்தப் படத்துல வருதுல்ல, அது மாதிரியே நம்பர் போட்டு எழுதிக்குடுங்க."

"எழுதலாம்க்கா."

"அந்த டைரக்டருக்கு எம்புட்டு அறிவு பாத்தீகளா? பொம்பள மனச எப்படிக் கண்டுக்கிட்டாரோ! அவுக அப்பத்தா சொன்னதாம்ல? நான் அவுகளுக்கு வெளக்கே போட்டேன்."

மலையம்மாள் போன பிறகு ஜெஸி வெகு நேரம் மேசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லாத ஒரு அப்பத்தாவுக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். தன்னிடம் வந்து அழுத எத்தனையோ பெண்களின் பேச்சு அது. அதற்கு நல்லகாமன் பெயர் போட்டிருக்கிறது.

வக்கீலாகவும் எதிரியாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது என்பதால், முதலில் நல்லகாமனின் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து, "எனது கட்சிக்காரராகிய நான்" என்று ஆரம்பித்து, வசனம் தன்னுடையது என்று நல்லகாமனுக்கும் சீதாராமனுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதினாள். மறுநாள் அவள் வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. முத்துக்கருப்பன் அனுப்பியிருந்தார். சீதாராமன், நல்லகாமன், ஜெஸி மூவருக்கும் சேர்த்து. அந்த வசனத்தின் உயிர் மூன்றாவது பாயிண்ட் என்றும், அந்த வாக்கியத்தைத் தாம் முப்பது வருஷமாக நீதிமன்றத்தில் பயன்படுத்தி வருவதை ஊரே அறியும் என்றும் அதில் கண்டிருந்தது.

ஜெஸிக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தாள். மூன்றாவது பாயிண்ட் அவர் சொன்னதுதான். அதை மறுக்க முடியவில்லை.

இரண்டு நோட்டீஸும் கிடைத்த அன்று நல்லகாமன் பைக்கை எடுத்துக்கொண்டு செல்லூருக்கு விட்டான். சேலைச் சண்டைக்குப் பிறகு அவன் அந்தச் சந்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் காதுக்குப் பக்கத்தில் கத்திக் கத்திப் பேசினார்கள். வெளியே போனவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

"வெளியாளுக்கு விட்டுறக் கூடாதுண்ணே!"

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன்! நம்ம ரெண்டு பேரும்தான எழுதுனோம்!"

"ஆமாண்ணே! சேந்துதான எழுதுனோம்!"

லலிதாம்பாள் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். யார் எந்த வரியை எழுதியது என்று அவர்கள் அங்கேயே உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். பிரிப்பதில் மறுபடி சண்டை வரப் பார்த்தது. சமாளித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹைதராபாத்திலிருந்து படத்தைத் தெலுங்கில் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் படத்தில் வேறு எதுவும் வேண்டாம், கடைசிக் காட்சிதான் வேண்டும். எழுதியவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டோம் என்று கறாராகச் சொன்னார்கள். வக்கீல்களின் நோட்டீஸை முறிக்க ஒரு சாட்சி வேண்டுமே என்று சீதாராமனும் நல்லகாமனும் பாண்டிச்செல்வியைத் தேடிப் போனார்கள். வசனத்தைச் சொல்லிக்கொடுத்தது டைரக்டர்தான் என்று அவள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார்கள்.

பாண்டிச்செல்வி யோசித்தாள்.

"எனக்கு யாரும் சொல்லித்தரலண்ணே. டைப் அடிச்ச பேப்பர்ல குடுத்தாக. அடியில வக்கீலம்மா பேரு இருந்துச்சு, அதையும் சேத்து வாசிச்சேன். நீங்க கூட கட் சொல்லி வைஞ்சீகளே?"

"அத வெட்டிட்டோம்மா," என்றான் நல்லகாமன்.

"எங்கிட்ட இருக்குண்ணே. எடிட்டர்ட்ட கேட்டு வாங்கி ஸ்டேட்டஸ்ல வச்சேன். ஊரே பாத்துச்சே!"

மறுநாள் இருவரும் பழமும் பூவுமாக ஜெஸியின் அலுவலகத்துக்கு வந்தார்கள். முத்துக்கருப்பனும் அங்கே இருந்தார். நல்லகாமன் மேடம் என்பதை விட்டுத் தங்கச்சி என்றான்.

"அப்பத்தா கதைய வாபஸ் வாங்குங்க," என்றாள் ஜெஸி. "பேட்டியில சொன்ன மாதிரியே பேட்டியில வாபஸ் வாங்கணும். எங்க ரெண்டு பேர் பேரும் படத்துல வரணும். தமிழ்லயும், தெலுங்குலயும்."

அவ்வளவுதானா என்று சீதாராமனுக்கே ஆச்சரியமாக இருந்தது. உடனே ஒத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினார்.

"பேரு என்ன வரிசையில வரும்?"

"அகர வரிசையில போட்டுருவோம் சார்," என்றான் நல்லகாமன்.

"அப்ப நான்தான் முதல்ல. ம-வுக்கு அப்புறம், எல்லாத்துக்கும் கடைசியிலதான் ஜ."

"இங்கிலீஷ்ல ஜே முன்னாடி சார்," என்றாள் ஜெஸி.

"நாம எடுத்தது தமிழ்ப் படம்மா."

சாயங்காலம் வரை அதில் போனது. பழத்தை உரித்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள். முடிவில் ஹைதராபாத்துக்காரர் ஒருவர் போனில் வந்து, தெலுங்கில் ஜ முன்னால் வரும், ம பின்னால் வரும் என்று சொன்னார். தமிழில் முத்துக்கருப்பன் முதலில், தெலுங்கில் ஜெஸி முதலில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை நல்லகாமன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, "ஆணி எதுவும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டான்.

அப்பத்தாவைப் பேட்டியில் வாபஸ் வாங்கியபோது நல்லகாமன், வசனம் இரண்டு வக்கீல்கள் எழுதியது, ஆனால் அவர்களை அங்கே உட்கார வைத்தது தன்னுடைய இயக்கம் என்றான். சீதாராமன், உட்கார நாற்காலி போட்டது தயாரிப்பு என்றார். இருவரும் அடுத்த படத்துக்குப் பூஜை போட்டுவிட்டார்கள். முத்துக்கருப்பன் கோர்ட்டுக்குக் குறைவாகத்தான் வருகிறார், கதை யோசிக்கிறாராம். ஜெஸி வழக்கம்போல் வருகிறாள். மலையம்மாளின் புருஷன் பதினைந்து நாளில் பதில் சொல்லவில்லை. வழக்குப் போட்டாகிவிட்டது.

பெயர் சேர்த்த பிரதி டி.வியில் வந்த அன்று யேசுதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். 'வசன பங்களிப்பு: முத்துக்கருப்பன், ஜெஸி யேசுதாஸ்' என்று எழுத்து வந்து நின்றது.

"வசனப் பங்களிப்புன்னு 'ப்' வரணும். ஒத்து விட்டுட்டானுக," என்றார் யேசுதாஸ்.

"என் பேர சரியாப் போட்ருக்காங்களாப்பா?"

அவர் திரும்பவும் பார்த்தார். எழுத்தெழுத்தாக வாய்க்குள் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். ஜெஸி எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் காலை மடித்து உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தாள்.